முந்திக்கொள்கிறவள்

ஜனவரி 9

அன்புள்ள வாலுவுக்கு,

நலம். நீயும் உன் வீட்டுக்காரியும் நலமா? உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நாள் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, அடுத்தவர்கள் கார் ஓட்டப் பழகுவதைப் பார்த்துப் பயந்துகொண்டே இருந்தால் முதுகுதான் என்ன செய்யும், பாவம். சொந்தமாக டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறாய், அந்த சீட்டுக்கு நல்லதாக ஒரு மெத்தை வாங்கிப் போடக்கூடாதா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிக்காதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாய். "கால் எப்படிக்கா இருக்கு?" என்றாய். நான் பதிலைத் தேடி எடுத்து வாய்க்குக் கொண்டுவருவதற்குள் நீ மாத்திரை, மழை, மாமனார் என்று எங்கேயோ போய்விட்டாய். கடைசியில் "சரிக்கா, வெச்சிடறேன்" என்றபோது "பரவாயில்ல" என்றேன். அது காலுக்கான பதில். தாளுக்கு அந்த அவசரம் கிடையாது. ஒரு வரிக்கு அரை நாள் எடுத்துக்கொண்டாலும் முகம் சுளிக்காமல் காத்திருக்கிறது.

எனக்கு எம்.எஸ். நோய் என்று தெரிந்து நான்கு வருடம் ஆகிறது. ஒயரின் மேலுறை உரிவதைப் போல நரம்பின் மேலுறை உரிகிற நோய் என்று அப்போதே சொன்னேன், நினைவிருக்கும். எல்லோரும் காலைத்தான் விசாரிக்கிறார்கள். தலைக்குள்ளும் அதே ஒயர்தானே ஓடுகிறது?

உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். இந்த வீட்டில் என்னோடு இன்னொருத்தி இருக்கிறாள். டீ போடலாம் என்று சமையலறைக்குப் போனால் மேடையில் டீ ஆவி பறக்க இருக்கிறது. ஜன்னலைச் சாத்தப் போனால் சாத்தியிருக்கிறது. எல்லாம் நான் செய்ததுதான், புத்திக்குத் தெரிகிறது. செய்த ஞாபகம் துளி கூட இல்லை. அவளுக்கு முந்திக்கொள்கிறவள் என்று பெயர் வைத்திருக்கிறேன். முதலில் வேடிக்கையாக இருந்தது. இப்போது சமையலறைக்குள் போவதற்கு முன் கதவைத் தட்டுகிறேன்.

டாக்டரிடம் சொன்னேன். தேதி கேட்டார், கிழமை கேட்டார், நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார், கடிகாரம் வரையச் சொன்னார். முழு மதிப்பெண். "உங்களுக்கு மறதி எல்லாம் ஒண்ணும் இல்லம்மா. மனசுதான் சோர்ந்து போயிருக்கு, எங்கயாவது போய்ட்டு வாங்க" என்றார். நான் எங்கே போவது? போகிற இடத்துக்கு அவளும் வருவாளே.

உன் வீட்டுக்காரியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 24

என் கணக்குப்புலி அக்காவுக்கு,

இங்கே அனைவரும் சுகம். முதுகு வழக்கம்போல முனகுகிறது. உன் கால் எப்படி? (பதிலைச் சாவகாசமாக எழுது!)

முழு மதிப்பெண் வாங்கிவிட்டு அழுகிற ஆளை உன்னைத்தான் பார்க்கிறேன். பள்ளிக்கூடத்திலும் நீ இப்படித்தான். "சரியாவே எழுதலடா" என்று மூக்கைச் சிந்திக்கொண்டு வருவாய், பார்த்தால் நூற்றுக்கு நூறு. நான் சிரித்துக்கொண்டே வந்து அப்பாவிடம் அடி வாங்குவேன்.

அந்த முந்திக்கொள்கிறவளுக்கு நன்றி சொல். டீ போட்டுக் கொடுக்கிற பேய் யாருக்குக் கிடைக்கும்? அவளுக்குத் தங்கச்சி யாராவது இருந்தால் எங்கள் வீட்டுக்கு அனுப்பி வை. அக்கா, நீ தனியாக இருக்கிறாய், குழந்தைகள் ஆஸ்பத்திரியில் ஓயாத வேலை, மேலே இந்த நோய். எனக்கும்தான் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுகிற பழக்கம் உண்டு.

இங்கே ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் பழக வருகிறார். சிவப்பு விளக்கைப் பார்க்கிறார், பிரேக் போடலாமா என்று யோசிக்கிறார், யோசித்ததை எனக்குச் சொல்கிறார், அப்புறம்தான் மிதிக்கிறார். அதற்குள் என் பக்கத்துப் பிரேக்கை நான் மிதித்திருப்பேன். "பாத்தீங்களா, நின்னுடுச்சு!" என்று அவருக்கு ஒரே பெருமை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் வாலு


பிப்ரவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

நலமே. கால் பரவாயில்லை, மாலையில் மட்டும் மரத்துப்போகிறது. உன் அதிகாரியை நினைத்துச் சிரித்தேன். கொஞ்ச நேரம்தான் சிரித்தேன்.

என் வேலை உனக்குத் தெரியும். வார்டிலிருந்து சீட்டு வரும். குழந்தையின் எடைக்குத் தக்கபடி ஊசிமருந்தைக் கணக்குப் போட்டு, கலந்து, சிரிஞ்சில் ஏற்றி, லேபிள் ஒட்டி அனுப்ப வேண்டும். பிறந்த குழந்தை என்றால் குப்பியில் இருக்கிற மருந்தை அப்படியே எடுக்கக்கூடாது. முதலில் பத்து மடங்கு நீர்க்க வைத்து, அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். முன்பெல்லாம் ஒரு நர்ஸ் ஜன்னலில் நின்று வம்பு பேசிக்கொண்டிருப்பாள், நானும் 'அடிப்பாவி' என்று கேட்டுக்கொண்டே கலந்து முடிப்பேன். இப்போது யாராவது பேசினால் கை நின்றுவிடுகிறது. கையைப் பார்த்தால் காது நின்றுவிடுகிறது.

போன வாரம் ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போனேன். அந்த மருந்து அங்கே தயாராக இருந்தது. என் கையெழுத்தில் லேபிள். அளவும் சரி. தப்பாக இருந்திருந்தால் கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். அவள் இங்கேயும் வந்துவிட்டாள். அதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்தேன்.

எங்கள் தலைமை மருந்தாளுநரிடம் போய், என்னை ஊசிமருந்து அறையிலிருந்து எடுத்துவிடுங்கள், மாத்திரைக் கிடங்கில் போடுங்கள் என்று கேட்டேன். "அளவு சரியாத்தானே இருந்துச்சு? அப்புறம் ஏன் கொட்டினீங்க? நீங்க செஞ்சதை நீங்களே நம்பலன்னா எப்படிம்மா?" என்றார். ஆள் பற்றாக்குறை. டாக்டர் முழு மதிப்பெண் கொடுத்த ஆளை எந்தக் காரணம் சொல்லி மாற்றுவது என்று கேட்கிறார். காகிதம் கொண்டுவந்தால் பார்க்கலாமாம்.

விசாரித்ததில் ஒன்று தெரிந்தது. அந்தக் கடிகாரப் பரீட்சை வேறு மறதி நோய்க்கு உரியது. இந்த நோய் ஞாபகத்தை விட வேகத்தைத்தான் முதலில் தின்னுமாம். அதை அளக்கத் தனிப் பரீட்சைகள் இருக்கின்றன. பெரிய ஆஸ்பத்திரியில் உளவியலாளர் ஒரு பெண் செய்கிறாளாம். ஏப்ரலில் தேதி கிடைத்திருக்கிறது. அதுவரை யார் குழந்தைக்கும் ஒன்றும் ஆகிவிடக்கூடாது.

அன்புடன்,
அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உன் சுகத்தையே எப்போதும் நினைக்கிறேன்.

நீயாகப் போய் மேலதிகாரியிடம் வாயைக் கொடுத்தாயே, அது எனக்குப் பிடிக்கவில்லை. உன் தலையில் நீயே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதா? இன்று கிடங்கு என்பான், நாளைக்கு வீட்டுக்குப் போ என்பான். அந்த வேலையை விட்டால் நாலு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். அதுதான் உடம்பைக் கெடுக்கும்.

உன் கடிதத்தை என் வீட்டுக்காரிக்குப் படித்துக் காட்டினேன். "இவ்ளோ கோர்வையா எழுதறவங்களுக்கா மூளைல கோளாறு? உங்களுக்குன்னா நம்பலாம்" என்றாள். வீட்டில் எனக்கு அவ்வளவுதான் மரியாதை. அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது அக்கா. ஒரு பிழை இல்லை, ஓர் அடித்தல் இல்லை.

பரீட்சைக்குப் போ, வேண்டாம் என்று சொல்லவில்லை. அங்கேயும் நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டு எனக்கு எழுது.

உன் வாலு


ஏப்ரல் 6

அன்புள்ள தம்பிக்கு,

நலம். போனில் கேட்டதே, உன் வீட்டுக்காரியின் இருமல், அது நின்றதா?

பரீட்சை முடிந்தது. உளவியலாளர் சின்னப் பெண், எனக்கு ஒரு மகள் இருந்தால் அவள் வயது இருக்கும், குரல் இதமாக இருந்தது. ஒரு தாளில் வரிசையாக ஏதேதோ குறிகள். எந்தக் குறிக்கு எந்த எண் என்று மேலே போட்டிருக்கிறது. பார்த்துப் பார்த்து எண்ணைச் சொல்லிக்கொண்டே போக வேண்டும், கையில் கடிகாரம் வைத்திருக்கிறாள். அப்புறம் நீளமாக ஒரு வார்த்தைப் பட்டியல் படித்துவிட்டுத் திரும்பச் சொல்லச் சொன்னாள். கட்டங்களைக் காட்டி மறைத்துவிட்டு வரையச் சொன்னாள். எல்லாம் சத்தமே இல்லாத அறையில், காலையில், ஒவ்வொன்றாக. நான் வேறு இரண்டு நாள் லீவு போட்டு நன்றாகத் தூங்கிவிட்டுப் போயிருந்தேன். பரீட்சை என்றால் நம் புத்தி அப்படி. அழுக்கைக் காட்டப் போகிறவள் குளித்துவிட்டுப் போனேன்.

"பார்டர்ல நிக்குதும்மா. உங்களை மாதிரி கெட்டிக்காரங்களுக்கு இது பெரிய சரிவா இருக்கலாம். ஆனா முன்னாடி எப்படி இருந்தீங்கன்னு எங்ககிட்ட அளவு எதுவும் இல்லையே" என்றாள். அதற்காக, என்னை நெருக்கமாக அறிந்த ஒருவருக்குக் கேள்வித்தாள் அனுப்புவார்களாம். பேச்சைப் பின்தொடரத் திணறுகிறாளா, ஒரே நேரத்தில் இரண்டு வேலை முடிகிறதா, இப்படி. எனக்கு யார் இருக்கிறார்கள்? உன் விலாசத்தைக் கொடுத்திருக்கிறேன்.

என்ன எழுத வேண்டும் என்று நான் சொல்லித் தரக்கூடாதாம். அதனால் சொல்லவில்லை. உன் பதிலை வைத்துத்தான் தீர்மானிப்பார்கள் என்பதை மட்டும் தெரிந்துகொள். உள்ளதை எழுது. எனக்கு நல்லது செய்வதாக நினைத்து எதையும் எழுதாதே, கண்ணு.

அக்கா


ஏப்ரல் 27

என் அருமை அக்காவுக்கு,

அனைவரும் நலம். இருமல் நின்றுவிட்டது, இப்போது இருமலுக்குப் பதிலாக என்னைத் திட்டுகிறாள்.

கேள்வித்தாள் வந்தது. கவலையை விடு! ஒவ்வொரு கேள்வியாகப் படித்து, உன்னை நினைத்துப் பார்த்து, எல்லாவற்றுக்கும் 'ஒருபோதும் இல்லை' என்று டிக் அடித்துவிட்டேன். பேச்சைப் பின்தொடரத் திணறுகிறாரா என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்தேன். போனில் நீ அதிகம் பேசுவதில்லைதான். நான் பேசவிட்டால்தானே? நீ சின்ன வயதிலிருந்தே அமுக்கமான ஆள். அதையும் 'இல்லை' என்றே போட்டேன்.

கீழே கொஞ்சம் இடம் விட்டிருந்தார்கள். 'எங்கள் குடும்பத்திலேயே அக்காதான் மூளைக்காரி. எனக்குக் கடிதம் எழுதுகிறாள், அதில் ஒரு பிழை கூட இருக்காது' என்று எழுதினேன். படித்தால் அந்தச் சின்னப் பெண் எழுந்து நின்று உனக்கு வணக்கம் சொல்வாள். உன் வேலையை இனி யாரும் அசைக்க முடியாது.

வருத்தம் என்னவென்றால் நேரில் வந்து நான்கு வருடம் ஆகிவிட்டது. டிரைவிங் ஸ்கூலை விட்டு நகர முடியவில்லை. இந்த வருடம் கண்டிப்பாக வருகிறேன்.

உன் வாலு


ஜூன் 15

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீங்கள் நலமா? முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

முடிவு வந்தது. குறிப்பிடும்படியான குறைபாடு இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு வருடம் கழித்து மறுபடி வரச் சொல்கிறார்கள். காகிதத்தைத் தலைமை மருந்தாளுநரிடம் கொடுத்தேன். அவருக்கு ரொம்பச் சந்தோஷம்.

இங்கே வெயில் அதிகம். உன் ஊரில் எப்படி?

அக்கா


ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நான் சொன்னேனா இல்லையா! உன் கடிதம் வந்ததும் டிரைவிங் ஸ்கூலில் எல்லோருக்கும் குளிர்பானம் வாங்கிக் கொடுத்தேன். அந்த அதிகாரிக்கு லைசென்ஸ் கிடைக்கவில்லை, அவரும் உனக்காகக் குடித்தார்.

ஆனால் ஏன் இவ்வளவு சுருக்கமாக எழுதினாய்? படித்து முடித்துவிட்டு உறைக்குள் இன்னொரு தாள் இருக்கிறதா என்று பார்த்தேன். வேலை நிறையவா? என் மேல் ஏதாவது கோபமா? முந்திக்கொள்கிறவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, அவளை வீட்டை விட்டு அனுப்பிவிட்டாயா?

மறக்காமல் எழுது.

உன் வாலு


ஆகஸ்ட் 8

தம்பிக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். என் உடம்புக்கு ஒன்றுமில்லை.

போன மாதக் கடைசியில் எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தை. பிறந்து சில வாரங்கள்தான், பெண் குழந்தை. இரத்தத்தில் கிருமி என்று ஊசிமருந்து எழுதியிருந்தார்கள். நான் சொன்னேனே, பத்து மடங்கு நீர்க்க வைக்க வேண்டும் என்று, அந்த மருந்து. குப்பியை எடுத்து வைத்தேன். ஜன்னலில் ஒருத்தி கூப்பிட்டு வேறொரு சீட்டைப் பற்றிக் கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்லிவிட்டுத் திரும்பினேன். மேசையில் மருந்து இருந்தது. நீர்க்க வைத்தேனா? ஞாபகம் இல்லை. ஆனால் இப்போதெல்லாம் எனக்கு எதுதான் ஞாபகம் இருக்கிறது? ஞாபகம் இல்லாததெல்லாம் சரியாகத்தானே செய்து வைத்திருக்கிறது? கொட்டாதீர்கள், நீங்கள் செய்ததை நம்புங்கள் என்றார்கள். மூளையில் கோளாறு இல்லை என்று காகிதமும் கொடுத்துவிட்டார்கள். முந்திக்கொள்கிறவள் செய்திருப்பாள் என்று நம்பி எடுத்தேன்.

அவள் செய்யவில்லை.

சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டிய இரண்டாவது ஆள், நான் கலந்தது என்பதால் பார்க்காமலே போட்டாள். காலையில் ஒரு ஊசி, மாலையில் ஒரு ஊசி. மறுநாள் வேறொரு நர்ஸ் குப்பிகளை எண்ணிப் பார்த்து, நீர்க்க வைக்கிற குப்பி மட்டும் குறையவில்லையே என்று சந்தேகப்பட்டுக் கேட்டிருக்கிறாள். குழந்தை உயிரோடு இருக்கிறது. சிறுநீரகம் தேறிவிடும் என்கிறார்கள். அந்த மருந்து அளவு மீறினால் காதைக் கெடுக்கும். காது கேட்குமா என்பது குழந்தை கொஞ்சம் வளர்ந்த பிறகுதான் தெரியும்.

என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். விசாரணை நடக்கிறது. என் நோய்தான் காரணம் என்று நான் சொன்னால், தப்பித்துக்கொள்வதற்காகச் சொல்கிறேன் என்கிறார்கள். காகிதம் வேறு மாதிரி சொல்கிறதாம்.

நீ ஒரு தடவை வா. வந்து பேசாதே. சும்மா உட்கார்ந்து என்னைப் பார்.

அக்கா


செப்டம்பர் 2

அக்கா,

உன் வீட்டு முன்னறையிலிருந்து எழுதுகிறேன். நீ சமையலறையில் இருக்கிறாய். பத்தடி தூரத்துக்குக் கடிதமா என்று நினைக்காதே. வாயால் சொன்னால் உனக்குப் பாதிதான் வந்து சேரும் என்று இந்த ஐந்து நாளில் தெரிந்துகொண்டேன். மீதிப் பாதியை நான் இத்தனை வருடமாக என் பேச்சைப் போட்டு நிரப்பியிருக்கிறேன்.

வந்த அன்று "சாப்ட்டியாக்கா?" என்று கேட்டுவிட்டு, நீ சொன்னபடி வாயை மூடிக்கொண்டேன். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். நான் கை கால் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு வந்தேன். "இன்னும் இல்லடா" என்றாய். ரேடியோ பாடும்போது உன்னிடம் ஏதாவது கேட்டால், காய் நறுக்குகிற கத்தி நடுவிலேயே நின்றுவிடுகிறது. நேற்று ரோட்டைக் கடந்தோம். லாரி வந்தது, நீ அதைப் பார்த்தாய், பார்த்துக்கொண்டே இறங்கினாய். வெறும் ரோட்டில் என் கால் பிரேக்கைத் தேடி மிதித்தது. பிறகுதான் உன் கையைப் பிடித்து இழுத்தேன். இதைத்தானே நான் தினமும் பார்க்கிறேன், பார்த்துச் சம்பாதிக்கிறேன். உன்னிடம் மட்டும் எனக்குத் தெரியவில்லை.

நீ கடிதம் எழுதுவதையும் பார்த்தேன். பெரியம்மா மகளுக்கு நாலு வரி எழுத உட்கார்ந்தாய். காலையில் ஆரம்பித்து, மூன்று தாளைக் கிழித்து, நாலாவதில் நல்லபடி எழுதி முடித்தபோது வெயில் இறங்கிவிட்டது. எனக்கு வந்த தாள்களை மட்டும் வைத்துக்கொண்டு உன்னைத் தெரியும் என்று டிக் அடித்தேன். ஜூன் மாதக் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். என் கேள்வித்தாளைப் பற்றி நீ அதில் ஒரு வார்த்தை எழுதவில்லை. இந்த ஐந்து நாளில் சொல்லவும் இல்லை. சொல்லிவிடு அக்கா. திட்டிவிடு. எவ்வளவு நேரம் ஆனாலும் காத்திருக்கிறேன்.

இன்று காலை நீ சமையலறைக் கதவைத் தட்டியதைக் கேட்டேன். தட்டிவிட்டு, மெதுவாக, "செஞ்சிட்டியா?" என்று கேட்டாய். உள்ளே யாருமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எனக்கு எழுந்து வந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

நாளை அந்த உளவியலாளரைப் பார்க்கப் போகிறேன். புதுக் கேள்வித்தாள் கேட்டு வாங்கி, பார்த்ததை மட்டும் எழுதுவேன். அந்தக் குழந்தைக்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

உன் தம்பி


நவம்பர் 21

அன்புள்ள வாலுவுக்கு,

நலம். நீ ஊர் போய்ச் சேர்ந்தது முதல் முதுகு எப்படி இருக்கிறது? உன் வீட்டுக்காரி அனுப்பிய சால்வை கிடைத்தது, காலில் போட்டுக்கொள்கிறேன்.

உன் கடிதத்துக்கு இவ்வளவு நாள் கழித்துப் பதில் எழுதுகிறேன். திட்டச் சொன்னாய். நிறையத் தடவை எழுதிப் பார்த்தேன். உன் ஏப்ரல் கடிதத்தைப் படித்து எனக்கு உன் மேல் வந்த கோபத்தை உன்னால் தாங்க முடியாது, அதனால்தான் ஜூனில் சுருக்கமாக எழுதினேன். இப்போது தேடினால் கோபம் இல்லை. நீ நினைத்து வைத்திருந்த அக்காவை எனக்கும் பிடிக்கும். அவள் இருந்தால் நன்றாகத்தான் இருக்கும்.

மறுபடி பரீட்சை வைத்தார்கள். இந்தத் தடவை மாலையில், களைத்துப்போன பிறகு, பக்கத்தில் ஒருவர் பேசிக்கொண்டிருக்க வைத்தார்கள். எல்லாம் சரிந்துவிட்டது. அந்தச் சின்னப் பெண் காகிதத்தை என் கையில் கொடுத்து, "ஸாரிம்மா" என்றாள். நான் அழுதேன். வருத்தத்தில் இல்லை, ஒருவராவது நம்பினார்களே என்று. விசாரணையிலும் அதை ஏற்றுக்கொண்டு, நோயின் காரணமாக ஓய்வு என்று முடித்துவிட்டார்கள். தலைமை மருந்தாளுநர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நேற்று என் அலமாரிச் சாவியைத் திருப்பிக் கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். மருந்து ஜன்னலுக்கு எதிர் அறையில்தான் குழந்தைகளுக்குக் காது பார்ப்பார்கள். கதவு பாதி திறந்திருந்தது. லேபிளில் நான் எழுதிய அதே பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், அந்தக் குழந்தைதான். கன்னமெல்லாம் சதை போட்டு நன்றாக வளர்ந்திருக்கிறது. அதன் அம்மா என்னை நேரில் பார்த்ததில்லை, அதனால் நான் வாசலில் நிற்பதைப் பார்த்தும் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. குழந்தையை மடியில் வைத்திருந்தாள். ஒருத்தி முன்னால் பொம்மையைக் காட்டினாள். இன்னொருத்தி பின்னால் நின்று சின்ன மணி ஒன்றை அடித்தாள். மணி சத்தத்துக்குக் குழந்தை திரும்ப வேண்டும்.

குழந்தை பொம்மையைப் பார்த்துச் சிரித்தது. மறுபடி அடித்தாள். இன்னும் பலமாக அடித்தாள். அம்மா குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணி அடித்தவள் குனிந்து ஏதோ எழுத ஆரம்பித்தாள்.

சிலருக்குக் கேட்கும், பதில் மட்டும் நேரம் கழித்து வரும் என்று எனக்குத் தெரியுமே. இந்தக் குழந்தையும் இப்போது திரும்பும், இதோ திரும்பும் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "கொஞ்சம் பொறுங்க, இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பாருங்க" என்று அவளிடம் சொல்ல நினைத்தேன். அது என் வாய்க்கு வருவதற்குள் எழுதி முடித்து, எழுந்து வந்து, கதவைச் சாத்திவிட்டாள்.

எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உன் அக்கா